கழுநீர்ப் பானை இருந்த இடம்

2022 மே மாதத்தில் ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் குப்பையை நிறுத்துப் பார்த்தேன். பழைய பேப்பர்க்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கொக்கித் தராசு ஒன்று பரணில் கிடந்தது. இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் குப்பைப் பையை அதில் மாட்டித் தூக்கி, எடையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். நான், கணவர், பையன், மாமியார் என நான்கு பேர் இருக்கும் வீடு. ஏழு நாளில் 11 கிலோ 300 கிராம் சேர்ந்திருந்தது. அதில் காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, டீத்தூள் சக்கை, பழத்தோல், முட்டை ஓடு மட்டும் 7 கிலோ 600 கிராம்.

ஏன் நிறுத்தேன் என்றால், அதற்கு முந்தைய வாரம் பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்திருந்தது. ஏப்ரல் கடைசியில் பற்றிய தீ பல நாள் அணையவில்லை. நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில். ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு வழியாகப் புகை வந்தது. கொடியில் காய்ந்த துணியை மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. அத்தைக்கு இரவெல்லாம் இருமல். யாரோ போட்ட குப்பை எரிகிறது என்று ஒருநாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் காலை பேட்டரி வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. நான் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். எல்லாம் ஒரே பையில், கலந்து. தென்சென்னையின் குப்பை பெருங்குடிக்குத்தான் போகிறது, வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்றைக்குத்தான் அது உறைத்தது.

நகரம் ஒரு நாளைக்கு 5000 டன்னுக்கு மேல் குப்பை கொட்டுகிறது. அதில் பெரும்பங்கு சமையலறையிலிருந்து வருகிற ஈரக்குப்பை. காற்றுப் புகாமல் மலைபோல் குவிந்து கிடக்கிற சோறும் தோலும் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எரியக்கூடிய வாயு. குப்பைமேட்டில் ஒரு பொறி விழுந்தால் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். எரியாமல் காற்றில் கலந்தாலும் கெடுதல்தான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அந்தக் கிடங்கு இருப்பதோ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில். தீப்பிடித்த அதே 2022-ல்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சார் தளம் என்ற உலக அங்கீகாரமும் கிடைத்தது. ஒரு பக்கம் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. இன்னொரு பக்கம் நான் அனுப்பிய கத்தரிக்காய்க் காம்பு கிடக்கிறது.

எடை எழுதிய தாளை அத்தையிடம் காட்டினேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். ஏழரைக் கிலோவைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது அத்தனையும் மாட்டுக்குப் போற சாமானில்ல" என்றார். அப்புறம் அவர் வீட்டுக் கொல்லையில் இருந்த கழுநீர்ப் பானையைப் பற்றிச் சொன்னார். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிச்சம் மீதி எல்லாம் அதில் போகும். சாயங்காலம் தவிடோ புண்ணாக்கோ கலந்து மாட்டுக்கு வைப்பார்கள். மாடில்லாத வீட்டிலும் பானை இருக்குமாம். மாடு வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். "அதுல போடுங்கன்னு உங்க வீட்ல யாராவது சொல்லிக்கிட்டே இருப்பாங்களா அத்தை?" என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? பானை கொல்லை வாசல்லயே இருக்கும். கையில இருக்கறத வேற எங்க போடறது?" என்றார்.

இந்த நான்கு வருடத்தில் வீட்டுக்குள் நான் மாற்றியதில் எது நிலைத்தது, எது பத்து நாளில் விட்டுப்போனது என்று யோசித்தால், அவர் சொன்னதில்தான் வந்து நிற்கிறேன். பானைக்கு இடம் கிடைத்த பழக்கங்கள் எல்லாம் நிலைத்தன. தீர்மானம் மட்டும் எடுத்து, பானைக்கு இடம் பார்க்காதவை எல்லாம் போய்விட்டன.

மாடு மடிப்பாக்கத்துத் தெருவில் திரிகிறது. ஆனால் அதற்குப் பிளாஸ்டிக் பையோடு சோற்றைத் தூக்கிப்போடுகிற கொடுமையை நான் செய்யப்போவதில்லை. அதனால் உரம்தான் போட வேண்டும் என்று முடிவானது. துணி காயப்போடும் பால்கனியில் அகலமான மண்பானை இரண்டு வைத்தேன். பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டை போட்டது. முதல் தடவை படுதோல்வி. நான்காம் நாளே நாற்றம், எட்டாம் நாள் அடியில் கறுப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டிலிருந்து குறைசொல்லி வந்தார்கள். அள்ளிக் குப்பை வண்டியில் போட்டேன்.

தப்பு என்னவென்று பிறகு புரிந்தது. ஈரமான தோலையும் சோற்றையும் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன். உரம் ஆக்குகிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தும் வேண்டும், கரிச்சத்தும் வேண்டும். கரிச்சத்து பல மடங்கு அதிகம் வேண்டும். காய்த்தோலில் இருப்பது தழைச்சத்து. காய்ந்த இலை, கிழித்த அட்டைப்பெட்டி, மரத்தூள், தேங்காய்நார்த் தூள் இவற்றில் இருப்பது கரிச்சத்து. காய்ந்தது இல்லாமல் ஈரத்தை மட்டும் கொட்டினால் இடையில் காற்று போக வழியில்லாமல் அழுகிப்போகும். பெருங்குடியில் மலையளவில் நடப்பதுதான் என் பானைக்குள்ளும் நடந்திருக்கிறது.

எங்கள் தெருவில் நான்கு வேப்பமரம், ஒரு புங்கமரம். தினமும் காலையில் வாசல் பெருக்குகிறவர்கள் சருகைக் குவித்துக் கொளுத்துவார்கள். "எனக்குக் குடுங்க" என்று ஒரு சாக்கைக் கொடுத்தேன். இப்போது வாரம் ஒரு சாக்கு சருகு மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தெருவில் அந்தக் காலைப் புகையும் நின்றது. இரண்டு கைப்பிடி ஈரக்குப்பை போட்டால் மூன்று கைப்பிடி சருகு. ஆரம்பத்தில் ஒரு தம்ளர் புளித்த மோர் தெளித்தேன். மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய கரண்டிக் காம்பால் கிளறிவிடுவேன். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் பிழிந்த துணிபோல் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு, உதிர்ந்தால் கொஞ்சம் அரிசி களைந்த தண்ணீர். இதற்கு மேல் வித்தை எதுவும் இல்லை. சென்னை வெயிலில் ஐம்பது நாளில் மண்வாசனை வந்துவிடுகிறது.

இரண்டாவது மாதத்தில் புழு வந்தது. தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள், பானையைத் திறந்தால் நெளிந்தன. எனக்கு உடம்பு கூசியது, மூடியைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். உரம் போடத் தொடங்கும் பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன். அவை பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுக்கள். வீட்டு ஈ மாதிரி சோற்றுத்தட்டில் வந்து மொய்க்கிற ஜாதி கிடையாது. அந்தப் புழுக்கள் நாம் போடுவதைக் கண்ணெதிரே தின்று தீர்த்துவிடும், கடிக்காது. பானையில் ஈரம் கூடிவிட்டது என்பதற்கும் அவை அடையாளம். நான்கு கைப்பிடி சருகு சேர்த்தால் குறைந்துவிடும். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எருக்குழியில இதுவும் இருக்கும்" என்றதோடு சரி.

மீன் முள், எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு மூன்றையும் பானையில் போடுவதில்லை. எலுமிச்சைத் தோல் கொஞ்சமாக. தேங்காய்ச் சிரட்டை மக்குவதற்கு வருடக்கணக்கில் ஆகும். தெருமுனை இஸ்திரிக்காரர் கரிப்பெட்டிக்கு வாங்கிக்கொள்கிறார். தேங்காய் நாரைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டோம். பச்சையும் நீலமுமாகக் கடையில் விற்கும் தேய்ப்பான் தேயத் தேயப் பிளாஸ்டிக் துகளாகச் சாக்கடைக்குப் போகிறது. நார் தேய்ந்தால் பானைக்கே போகும்.

ஒன்று சொல்ல வேண்டும். பானை பால்கனியில் இருந்தாலும் அதற்குப் போகிற வழி நீளமாக இருந்தவரை பையனும் கணவரும் சமையலறைக் குப்பைக்கூடையிலேயே போட்டார்கள். நறுக்கும் மேடைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று வைத்தேன். குப்பைக்கூடையைப் பின்கட்டுக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராத்திரி தூக்கை எடுத்துப்போய்க் கவிழ்ப்பது பையன் வேலை.

உலர்ந்த குப்பை பக்கம் வருகிறேன். நான் நிறுத்துப் பார்த்த அந்த முதல் வாரம் பையன் எண்ணிப் பார்த்தான்: பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு, ஊறுகாய், மசாலா என்று 43 சின்ன உறைகள். பளபளவென்று உள்ளே வெள்ளி பூசிய உறைகளில் பல அடுக்குகள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து உருக்க முடியாது என்பதால் எந்தக் காயலான் கடையும் வாங்காது. நான் கழுவி, காயவைத்து, பிரித்து வைத்தாலும் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. வாங்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. ஷாம்பு பெரிய புட்டியாக வாங்கினோம். அத்தையும் நானும் சீயக்காய்க்கே திரும்பிவிட்டோம். மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் மாவு மில்லில் அரைக்கிறோம். சிப்ஸ் முழுதாக நிற்கவில்லை, பையன் பதினாலு வயதுக்காரன். இன்றைக்கு எண்ணினால் வாரத்துக்கு எட்டோ பத்தோ இருக்கும்.

பால் கவருக்கு மதிப்பு உண்டு. கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர்க்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். ஆனால் மூலையைக் கத்தரிக்கும்போது அந்தத் துணுக்கைத் தனியாக வெட்டி எறிந்துவிடக் கூடாது. விரல் நகம் அளவுத் துணுக்கை எவரும் பொறுக்க முடியாது. அது தண்ணீரில் அடித்துக்கொண்டு போய்விடும். முழுதாக வெட்டாமல் ஒட்டினாற்போல் விட்டுவிட்டால் கவரோடு சேர்ந்தே போகும். ஒரு நொடி வேலை. நான் இருபது வருடம் கவனிக்காமல் வெட்டிப் போட்டிருக்கிறேன்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. எங்கள் வீட்டில் கல்யாண வீடுகளில் கொடுத்த மஞ்சப்பையும் துணிப்பையும் இருபதுக்கு மேல் இருந்தன, எல்லாம் அலமாரிக்குள். கடைக்குப் போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வரும். வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே இரண்டு பையை மாட்டினேன், அதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. மாவுக்கும் கறிக்கும் தூக்குவாளி. கறிக்கடைக்காரர் முதல் வாரம் யோசித்தார். இப்போது பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, அவராகவே கறியைப் போடுகிறார். எனக்குப் பின்னால் நிற்பவர்களும் அடுத்த ஞாயிறு டப்பா கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்கப்படும் பொருட்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மூங்கில் டப்பா, புதுத் துணிப்பை, அழகான ஸ்டீல் உறிஞ்சுகுழல் என்று ஆரம்பத்தில் நிறைய வாங்கினேன். ஏற்கெனவே வீடு நிறைய எவர்சில்வர் இருக்கும்போது எதற்குப் புதிதாக ஒன்று? கையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைக்கூட உடையும்வரை பருப்பு போட்டு வைத்துக்கொள்வதுதான் சரி. அதைத் தூக்கியெறிந்துவிட்டுக் கண்ணாடி ஜாடி வாங்கினால், குப்பையும் கூடுகிறது, ஜாடி செய்வதற்கு உலை எரிந்ததும் கணக்கில் சேர்கிறது.

குப்பையில் இன்னொன்று, இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஒருநாள் பேட்டரி வண்டியில் வந்த அம்மா கையில் கட்டுப் போட்டிருந்தார். எந்த வீட்டுப் பையிலோ உடைந்த கண்ணாடி. கலந்து கட்டிய பையைப் பிரிக்கும்போது கிழித்திருக்கிறது. அந்தப் பை எங்களுடையதாக இருந்திருக்கலாம், அந்த மாதம் நான் ஒரு தம்ளரை உடைத்திருந்தேன். அன்றிலிருந்து உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி எதுவானாலும் கெட்டியான அட்டைக்குள் சுற்றி, மேலே பெரிதாக எழுதித் தனியாகக் கையில் கொடுக்கிறேன். சானிட்டரி நாப்கினும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையில் குறி போட்டுத் தனிப் பையில். மற்றவர் அதைக் கையால் தொட்டுப் பிரிக்கும்படி விடுவது பெரிய பாவம். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஈரம், உலர்ந்தது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தன. விதி கிடக்கட்டும், அந்த அம்மாவின் கை போதாதா?

தண்ணீர். 2019 கோடையை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணறு காற்றடித்தது. குடம் குடமாக எண்ணிச் செலவழித்தோம். காய் கழுவிய தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. அந்த வருடம் மழை பெய்ததும் குடங்கள் பரணுக்குப் போயின, பழக்கமும் கூடவே ஏறிவிட்டது.

இப்போது ஒரே ஒரு பக்கெட்டுக்கு மட்டும் நிரந்தர இடம்: குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய்க்கு அடியில். ஒருநாள் அளந்து பார்த்தேன், ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்தபோது ஏறத்தாழ மூன்று குடம் வெளியே போயிருந்தது. அந்த மூன்று குடமும் நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்று அதில்தான் வீடு துடைப்பதும் கழிப்பறைக்கு ஊற்றுவதும். செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு கூடிய தண்ணீர் அது. எங்கள் கறிவேப்பிலை நுனி கருகித்தான் எனக்கே தெரிந்தது. அதைவிட முக்கியம், எல்லா வீட்டுக்கும் அந்த இயந்திரம் தேவையா என்பது. குடிநீரில் கரைந்த உப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். பேனா மாதிரி ஒரு சின்ன அளவி வாங்கிப் பார்த்தேன். மெட்ரோ தண்ணீர் வருகிற நாளில் அதற்கு வெகுவாகக் குறைவு. அன்றைக்கெல்லாம் வடிகட்டிக் கொதிக்கவைத்து, இயந்திரத்தை அணைத்துவிடுகிறோம்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. எங்கள் கட்டடத்திலும் குழாய் உண்டு, தொட்டி உண்டு. ஆனால் தொட்டியிலிருந்த கூழாங்கல்லும் மணலும் சேறு பூசிக் கெட்டித்துப்போய், மழைத்தண்ணீர் மேலாக வழிந்து தெருவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் கடைசி ஞாயிறு எல்லா வீட்டிலிருந்தும் ஆளுக்கொருவர் வந்து, கல்லை அள்ளிக் கழுவி, மறுபடி நிரப்புவதை மூன்று வருடமாகச் செய்கிறோம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் டிபனுக்கு முன் முடிந்துவிடும்.

மின்சாரத்துக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் வைத்தது 28 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறிக்கு இரண்டு மாதக் கணக்கில் 45 யூனிட் மிச்சம். பழையது பழுதானபோது ஒவ்வொன்றாக மாற்றினோம். ஏ.சி. 26-ல், கூடவே விசிறி. துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் ஐந்து விசிலுக்குப் பதில் மூன்று போதும். ஊறப்போடும் கிண்ணத்தை அரிசி டப்பாவுக்கு மேலேயே வைத்திருக்கிறேன், அரிசி எடுக்கப் போனாலே பருப்பு ஞாபகம் வரும். 38 நாள் வந்த சிலிண்டர் இப்போது 45 நாள் தாண்டுகிறது.

போன மாதம் மறுபடி ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தேன். வண்டிக்குப் போனது 2 கிலோ 100 கிராம். அத்தைக்கு அதில் திருப்தி இல்லை, "இன்னும் என்ன அது ரெண்டு கிலோ?" என்று கேட்டு, பையைப் பிரித்துப் பார்த்தார்.

முன்பு நாற்றம் என்று குறைசொல்லி வந்த பக்கத்து வீட்டு அக்கா, நேற்று சாயங்காலம் ஒரு மண்பானையோடு வந்து நின்றார். ஓட்டை எங்கெங்கே போடணும் என்று கேட்டார். ஓட்டை போட்டுக் கொடுத்தேன். முதிர்ந்த உரம் இரண்டு கிண்ணம், அதில் இருக்கிற நுண்ணுயிரே போதும், மோர்கூட வேண்டாம். ஒரு பை சருகு. பானையை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். மொட்டை மாடியில் என்றார். வேண்டாம் அக்கா, அடுப்படியிலிருந்து நாலு எட்டில் எங்கே இடம் இருக்கு, வாங்க பாப்போம் என்று அவரோடு அவர் வீட்டுக்குள் போனேன்.